முப்பதாண்டுக் கேள்விக்கு ஓராண்டு ஒப்பந்தம்

மாரடைப்பைப் "பணக்கார வியாதி" என்று சொல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. நெய்யும் இறைச்சியும் மிகுதியாக உண்டு, உடலுழைப்பின்றி நாற்காலியில் அமர்ந்திருப்போரைத் தாக்கும் நோயாகவே அது பலராலும் கருதப்படுகிறது. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற மாநில வாரியான நோய்ச்சுமை ஆய்வின்படி, 1990இல் நாட்டில் நிகழ்ந்த மரணங்களில் 15.2 சதவீதத்துக்கு இதய, இரத்தநாள நோய்கள் காரணமாக இருந்தன. 2016இல் அது 28.1 சதவீதமாக உயர்ந்தது. அவ்வாறு இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுபது வயதை எட்டாதவர்கள். 52 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், முதல் மாரடைப்பு வந்தபோது தெற்காசியர்களின் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தில் இந்த ஆறாண்டு வித்தியாசம் என்பது மகளின் கல்லூரிப் படிப்பு, கட்டி முடிக்காத வீடு, அடைக்காத கடன்.

இந்த நோய் யாரை, ஏன் தாக்குகிறது என்ற கேள்விக்கு வந்த விடைகளில் மிக முக்கியமானவை பொதுப்புத்தியைத் தலைகீழாக்கியவை. 1967இல் பிரிட்டனில் தொடங்கிய 'வொயிட்ஹால்' ஆய்வு, லண்டனின் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. உயர் அதிகாரிகளே மன அழுத்தத்தால் மாரடைப்புக்கு ஆளாகிறார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. முடிவு நேர்மாறாக வந்தது. மிகக் கீழ்நிலையில் இருந்த ஊழியர்களிடையே இதயநோய் மரணம், உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமாக இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி மறையவில்லை. வர்க்கமே ஒரு காரணியாக நின்றது.

17 நாடுகளில் நடைபெற்று 2014இல் வெளியான 'ப்யூர்' ஆய்வும் இதையே வேறொரு முனையிலிருந்து காட்டியது. நோய்க்கு வழிவகுக்கும் காரணிகளின் கூட்டு மதிப்பு பணக்கார நாடுகளில்தான் அதிகம். ஆனால் தீவிர இதயநோய் நிகழ்வுகளும் மரணங்களும் இந்தியா உள்ளிட்ட வருமானம் குறைந்த நாடுகளிலேயே அதிகம். இந்தியாவின் 50 நகரங்களில், 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடு சேர்க்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து 2008இல் வெளியான மற்றொரு ஆய்வு இன்னும் வெளிப்படையாகப் பேசியது. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், செல்வந்தர்களில் 5.5 சதவீதம். கிடைத்த சிகிச்சையின் வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது இந்த இடைவெளி மறைந்துபோயிற்று. ஏழையின் இதயம் இயல்பிலேயே பலவீனமானதல்ல. அதற்குக் கிடைக்க வேண்டிய மருந்தும் சிகிச்சையும் கிடைக்கவில்லை.

இந்த உண்மைகள் தாமாக வெளிவந்தவை அல்ல. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் படியேறி வீட்டுக் கதவைத் தட்டியவர்கள், இரத்த மாதிரியைக் குளிரூட்டியில் அடுக்கியவர்கள், ஐந்தாண்டு கழித்து அதே வீட்டைத் தேடிச் சென்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஆய்வு மாணவர்கள், திட்ட உதவியாளர்கள், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள். ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர்களில் சிலரது பெயர் இருக்கும். பலரது பெயர் எங்கும் இருக்காது.

மைசூரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தது. அன்று அதை எழுதியவர்களுக்கு அது அன்றாட வேலை. அறுபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறந்தார்கள். மருத்துவமனையைச் சுற்றியிருந்த பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, 1934க்கும் 1954க்கும் இடையே அங்கே பிறந்தவர்களில் 517 பேரைக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது இரண்டரைக் கிலோ அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயநோய் இருந்தது. மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் 3 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. 1996இல் 'லான்செட்' ஏட்டில் இது வெளிவந்தது. தாய் பட்ட பசி, ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிள்ளையின் இதயத்தில் வெளிப்படுகிறது என்பதே இதன் பொருள். இரத்தசோகையோடு வயலில் நாற்று நட்ட கர்ப்பிணியின் உணவுத் தட்டும், நகரத்தில் ஓட்டுநராக இருக்கும் அவளது மகனின் நெஞ்சுவலியும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள். அங்கன்வாடியின் ஒதுக்கீட்டைக் குறைக்கும் நிதியமைச்சர் எத்தனை ஆண்டுகளுக்கு அப்பால் வரும் மாரடைப்புகளுக்குக் கையெழுத்திடுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைசூரில் தொடர்ந்த ஆய்வுகளுக்குப் பெருமளவு பணம் கொடுத்தவை பிரிட்டனின் அறக்கட்டளையும் அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றமும்தான். இந்தியத் தாய்மார்களின் பசி, இந்திய அரசின் ஆய்வு முன்னுரிமையில் அவ்வளவு உயரத்தில் இல்லை.

இரண்டாவது உதாரணம் மதுரையிலிருந்து. இதயத் தசையில் உள்ள ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம் ஒன்று, இதயத் தசை நோய் கொண்ட சில இந்தியக் குடும்பங்களில் காணப்பட்டதாக 2003இல் பதிவாயிற்று. அப்போது அது ஓர் அரிய விசித்திரமாகவே தோன்றியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பெருந்துறை எஸ். தண்டபாணி அந்தத் தடத்தை விடவில்லை. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த 6,000க்கும் அதிகமானோரிடம் அந்த மாற்றம் தேடப்பட்டது. 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' ஏடு வெளியிட்ட முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. தெற்காசியரில் ஏறத்தாழ 4 சதவீதம் பேர், அதாவது கோடிக்கணக்கானோர் அந்த மாற்றத்தைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு இதயச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு கணிசமாக அதிகம். அந்த மாற்றம் மட்டும் எவ்வளவு ஆபத்தானது, உடன் பயணிக்கும் இன்னொரு மாற்றத்துக்குப் பங்கு எவ்வளவு என்ற விவாதம் பின்னர் எழுந்து இன்றும் தொடர்கிறது. அறிவியல் அப்படித்தான் நகரும்.

இந்தக் கண்டுபிடிப்பைக் காட்டி "இந்தியர்களின் இரத்தமே அப்படித்தான்" என்று சொல்லிக் கைகழுவுவோரும் உண்டு. 96 சதவீதம் பேரிடம் அந்த மாற்றம் இல்லை. அவர்களுக்கும் மாரடைப்பு வருகிறது. மரபணுவும் வறுமையும் எதிரெதிர் விளக்கங்கள் அல்ல. இரண்டையும் ஒரே உடலில் வைத்து ஆராயும் துணிவும் அவகாசமும் உள்ள ஆய்வாளர்கள்தாம் தேவை.

அந்த அவகாசம் இன்றைய இளம் ஆய்வாளருக்கு இருக்கிறதா? 2009இல் உலகத் தரத்தில் பேசப்பட்ட ஆய்வில் பங்கேற்ற மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அண்மை ஆண்டுகளில் ஊழியர்களுக்கு ஊதியமும் ஓய்வுபெற்றோருக்கு ஓய்வூதியமும் உரிய நேரத்தில் கொடுக்க முடியாமல் தவித்தது. அவர்கள் வளாகத்திலேயே போராட்டத்தில் அமர வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு கைவிட்டது ஒருபுறம். மாநில அரசும் இதில் தனக்குள்ள பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. சம்பளமே கொடுக்க இயலாத நிறுவனத்தில், பத்தாண்டு கழித்துப் பயன் தரக்கூடிய இரத்த மாதிரிகளை உறைநிலையில் காப்பதற்கான மின்கட்டணத்தை யார் கட்டுவார்கள்?

உதவித்தொகையின் வரலாறே ஒரு போராட்ட வரலாறு. தேசியத் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு 2014இல் மாதம் 25,000 ரூபாய். அதை உயர்த்தக் கோரி நாடு முழுவதும் ஆய்வகங்களிலிருந்து வெளியே வந்து போராடினார்கள். டெல்லியில் கைது செய்யப்பட்டார்கள். 2019 ஜனவரியில் 31,000 ஆயிற்று. அடுத்த உயர்வு 2023இல், 37,000. விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் தானாக உயரும் ஏற்பாடு ஏதும் இல்லை. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை தெருவில் இறங்கினால்தான் உயரும். தேர்வில் வெல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கான தொகை பத்தாண்டுகளுக்கும் மேலாக மாதம் 8,000 ரூபாயிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 267 ரூபாய். 2024-25இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அந்த 8,000 ரூபாயையும் 2015இல் நிறுத்த முயன்றபோது, மாணவர் அமைப்புகள் மானியக் குழு அலுவலகத்தை முற்றுகையிட்டுத்தான் அதைக் காப்பாற்ற முடிந்தது. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகைக்கு அத்தகைய மீட்பு வாய்க்கவில்லை. அது நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

அறிவிக்கப்பட்ட தொகையும் மாதாமாதம் வருவதில்லை. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' திட்டம், பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர்களை அடிப்படை அறிவியலுக்கு ஈர்ப்பதற்கென்று உருவாக்கப்பட்டது. அதில் தேர்வானவர்களுக்கே பல மாதங்கள் தொடர்ச்சியாகப் பணம் வராத அவலம் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது. நிதியைக் கருவூலத்திலிருந்து விடுவிக்கும் முறையை மாற்றினோம் என்பது அதிகாரிகளின் விளக்கம். முறை மாறும் வரை வாடகையைச் செலுத்த வேண்டாமென்று எந்த வீட்டுக்காரரும் சொல்வதில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதம் ஐயாயிரம் அனுப்பும் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆய்வாளரைத்தான் இந்தத் தாமதம் முதலில் வெளியேற்றுகிறது. அப்பாவின் சேமிப்பில் எட்டு மாதம் தாக்குப்பிடிக்கக் கூடியவர் நிலைத்து நிற்கிறார். தகுதி பேசுவோர் இந்த வடிகட்டலைப் பற்றிப் பேசுவதில்லை.

நுழைவாயிலே ஆட்டம் காண்கிறது. 2024 ஜூன் 18 அன்று ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேசியத் தகுதித் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில், அறிவியல் பாடங்களுக்கான தேர்வும் ஒத்திவைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் தாண்டி முனைவர் பட்டம் பெற்றவருக்குக் காத்திருப்பது ஓராண்டு, ஈராண்டுத் திட்டப் பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. 'இன்ஸ்பயர்' ஆசிரியப் பணி ஐந்தாண்டுக்கு. அதன் பின் நிரந்தரப் பணிக்கு உத்தரவாதம் இல்லை. பிரதமரின் பெயரால் அறிவிக்கப்பட்ட இளம் ஆய்வாளர் மானியமோ ஏற்கெனவே நிரந்தரப் பணியில் இருப்போருக்கு, அதுவும் மூன்றாண்டுக்கு. மூன்றாண்டில் ஒரு கர்ப்பிணியைச் சேர்த்து, குழந்தை நடக்கும் வரை பார்க்கலாம். அந்தக் குழந்தையின் இதயத்தைப் பார்க்க முடியாது. ஆகவே விவரமறிந்த இளைஞர் அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. பதினெட்டு மாதத்தில் கட்டுரையாகக் கூடிய கேள்விக்கு மாறிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணம் இல்லை என்று சொல்லப்படுகிறது. ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே என்பது உண்மைதான். ஆனால் இருக்கும் பணம் எங்கே போகிறது? 2023இல் சட்டமாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் திரட்டும் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசு அல்லாத வழிகளில், பெரும்பாலும் தனியாரிடமிருந்து வரவேண்டும். கொடுப்பவர் கேள்வியையும் சேர்த்தே கொடுப்பார். 2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியோ, தனியார் நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியில் அல்லது வட்டியின்றி நீண்டகாலக் கடன் வழங்குவதற்கானது. தொழில்நுட்பத் தயார்நிலை நான்காம் படியை எட்டிய திட்டங்களே அதற்குத் தகுதி பெறும். அதாவது, ஆய்வகத்தில் ஏற்கெனவே உருப்பெற்றுவிட்ட பொருளுக்குத்தான் காசு. "ஏன் இந்த நோய் வருகிறது?" என்ற கேள்வி அந்த ஏணியின் முதல் படியில் நிற்பது, அதற்கு அங்கே கதவு இல்லை. இதே அரசுதான் 2024 பட்ஜெட்டில் ஆய்வக இரசாயனங்களின் இறக்குமதி வரியைப் 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக உயர்த்தி, கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. அதே ஆண்டு ஆய்வு மானியத்துக்கு ஜிஎஸ்டி கேட்டு டெல்லி ஐஐடிக்கு 120 கோடி ரூபாய் நோட்டீஸ் போயிற்று. மாற்றம் வந்தது செப்டம்பரில், கவுன்சில் கூடிய பிறகு. பிள்ளையார் தலையில் பிளாஸ்டிக் சர்ஜரி கண்டவர்கள் ஆட்சியில் இதில் வியக்க ஒன்றுமில்லை.

நோயின் காரணத்தில் லாபம் இல்லை, நோயில் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் விலை நிர்ணய ஆணையம் தலையிடும் வரை, மருந்து பூசிய ஒரு ஸ்டென்ட்டின் சராசரி விலை 1.21 லட்சம் ரூபாய். உச்சவரம்பு விதித்தபோது அது 29,600க்கு இறங்கியது. இடையில் இருந்த 90,000 ரூபாய் எத்தனை ஆண்டுகள், எத்தனை நெஞ்சங்களிலிருந்து எடுக்கப்பட்டது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். கருவில் ஏற்படும் ஊட்டக்குறைவைத் தடுத்தால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்டென்ட் தேவைப்படாது என்று நிறுவும் ஆய்வில் எந்த நிறுவனம் முதலீடு செய்யும்?

பொதுத்துறை அறிவியல் இதைச் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கிய செயற்கை இதய வால்வு, மூன்று மாதிரிகள் தோற்ற பிறகு நான்காவதில் வென்றது; 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. மூன்று முறை தோற்க அனுமதிக்கும் முதலாளி சந்தையில் கிடைப்பதரிது. அதே நிறுவனம், கேரளத்தின் ஏழைக் குழந்தைகளையும் இளம் வயதினரையும் தாக்கிய, இதயத்தின் உட்சுவர் தடித்து இறுகும் நோயின் காரணத்தையும் பல ஆண்டுகள் தேடியது. மணலில் உள்ள தாதுக்கள், ஊட்டச்சத்துக் குறைவு ஆகியவற்றின் கூட்டு விளைவா என்று வலியத்தானும் சி.சி. கர்த்தாவும் ஆராய்ந்தார்கள். முழு விடை கிடைப்பதற்குள் நோயே அருகத் தொடங்கியது. அந்த மக்களின் உணவும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்ததோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் பலர். நிலச்சீர்திருத்தமும் ரேஷனும் இதய மருத்துவம் செய்திருக்கக்கூடும் என்பது ஆராயத் தக்க கருதுகோள். அதை ஆராய யாருக்கு மானியம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் ஒரு தயக்கம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லாதபோது ஆய்வகத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும், முனைவர் பட்டம் பெறுவோர் நடுத்தர வர்க்கம்தானே என்ற எண்ணம் அது. முதல் பாதிக்கு விடை எளிது: மாத்திரையும் வேண்டும், எட்டு மணி நேர வேலையும் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம். 2016இல் மட்டும் நீண்ட வேலை நேரம் உலகெங்கும் 7,45,000 பேரைக் கொன்றது. வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்ன தொழிலதிபரும், 90 மணி நேரம் என்று ஏலத்தை உயர்த்தியவரும் பேசியது இந்தக் கணக்கு வெளிவந்த பிறகுதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைத் தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் எதிர்த்துத் திரும்பப் பெற வைத்தபோது, அவர்கள் கையில் இருந்த வலுவான ஆயுதங்களில் ஒன்று யாரோ சில இளம் ஆய்வாளர்கள் தொகுத்த தரவு.

இரண்டாம் பாதியில் உள்ளது வர்க்க ஆய்வின் பிழை. ஆய்வு மாணவரின் கூலிக்கு "உதவித்தொகை" என்று பெயர் வைத்திருப்பது தற்செயலானதல்ல. உதவி என்றால் உரிமை இல்லை. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, தொழிலாளர் காப்பீடு எதுவும் இல்லை. வேலை நேர வரம்பும் இல்லை. வழிகாட்டியின் ஒரு கையெழுத்தில் ஐந்தாண்டு உழைப்பு தொங்குகிறது. உற்பத்திச் சாதனம் எதற்கும் உடைமையாளராக இல்லாமல், தமது உழைப்புச் சக்தியை மாதக் கணக்கில் விற்று, உருவாக்கும் அறிவின் மீது உரிமையும் இல்லாதவரை வேறு என்ன பெயரால் அழைப்பது? அங்கன்வாடி ஊழியரையும் ஆஷா பணியாளரையும் "தொண்டர்" என்று அழைத்துக் கூலியை மறுத்த அதே தந்திரம் இங்கே சற்று மேலான ஆங்கிலத்தில் நடக்கிறது.

உதவித்தொகையை ஊதியமாக அங்கீகரித்து விலைவாசிப் படியோடு இணைப்பது, மாதத்தின் முதல் வாரத்தில் தவறாமல் வழங்குவது, காலியிடங்களை இடஒதுக்கீட்டோடு நிரப்புவது ஆகிய கோரிக்கைகளை ஆய்வாளர் அமைப்புகள் ஏற்கெனவே எழுப்பி வருகின்றன. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பிறப்பிலிருந்து முதுமை வரை தொடரும் மக்கள்நல ஆய்வுகளுக்கு முழுமையான, குறைந்தது இருபதாண்டு உறுதிகொண்ட பொதுநிதி. போக்குவரத்து, கட்டுமானம், பீடி, ஆயத்த ஆடைத் தொழிற்சங்கங்கள் இதில் வெறும் ஆதரவாளர்களாக நிற்க வேண்டியதில்லை. இரவுப் பணியிலும் வெயிலிலும் உழைப்போரின் உறுப்பினர் பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. மைசூர் மருத்துவமனையின் அலமாரியில் அறுபது ஆண்டுகள் காத்திருந்த பதிவேட்டைப் போன்றதுதான் அதுவும். பணியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த ஓட்டுநர்களின், நடத்துநர்களின் பெயர், வயது, அன்று அவர்கள் பார்த்த வேலை நேரம் ஆகியவற்றைக் கிளைவாரியாகக் குறித்து வைக்கும் வேலையை ஒன்றிய அரசின் மானியத்துக்குக் காத்திராமல் இந்த ஆண்டே தொடங்கலாம்.